பாத்தியில் மிதந்த பால்

கரண்டியால் ஒதுக்கினால் சுருண்டு ஓரம் போய்விடும் பாலேடு, அன்றைக்கு ஒதுங்கவில்லை.

சூர்யகலா கரண்டியை மேலே தூக்கினாள். பாலேடும் கூடவே வந்தது. பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றிலும் பிடித்துக்கொண்டு, நடுவில் மட்டும் சின்னக் கூடாரம் போல இழுபட்டு, ஜன்னல் வழியே வந்த உப்பளத்து வெளிச்சத்தில் வழவழவென்று மின்னியது. கரண்டியை இறக்கினாள். கூடாரம் மெதுவாகத் தணிந்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் பாலின் மேல் மறுபடி படுத்துக்கொண்டது.

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன்."

கூடத்தில் வெறுந்தரையில் மல்லாந்து கிடந்த அரவிந்தன் தலையை மட்டும் திருப்பினான். அவன் மார்பின் மேல் எட்டு மாதக் குழந்தை தமிழ்நிலா கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எப்படி வர்றது? உன் பொண்ணு என்னைய பாயா ஆக்கி வெச்சிருக்கா. எந்திரிச்சா கத்துவா."

"பால் ஒரு மாதிரி இருக்குது."

"வெள்ளையா இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப பால்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் எப்போதும் இப்படித்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், உப்பின் வெள்ளையில் கண் கூசி நீர் வழிய, தலைச்சுமையோடு வரப்பில் தடுமாறி வந்தவளிடம் தன் கூலிங் கிளாஸைக் கழற்றி நீட்டியவன். "இத்த போட்டுக்க. எனக்கு நீ மட்டும் தெரிஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டு, மூட்டை ஏற்றுவதற்காக லாரி மேல் ஏறிப் போய்விட்டவன். அந்தக் கண்ணாடி இப்போதும் அலமாரியில் அவளுடைய கல்யாணப் புடவைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சிரித்துக்கொண்டே கத்தி நுனியால் பாலேட்டைக் குத்தினாள். அது மெத்தென்று உள்வாங்கியது. பிறகு 'டப்' என்று துளை விழுந்தது. துளையிலிருந்து எழுந்த ஆவியில் பால் வாசனையோடு இன்னொரு வாசனையும் இருந்தது. புதுப் பிளாஸ்டிக் பக்கெட்டில் முதல் தடவை வெந்நீர் ஊற்றினால் வருமே, அது.

அதற்குள் நிலா விழித்துக்கொண்டாள். பசியில் அழும்போது அவளுக்கு மூச்சே நின்றுவிடும். வீட்டில் வேறு பால் இல்லை. ஏட்டை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, டீ வடிகட்டியில் ஊற்றி, ஆற்றி, புட்டியில் நிரப்பி வாயில் வைத்தாள் சூர்யகலா. குழந்தை கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று குடித்தது. குடித்து முடித்ததும் ஒரு ஏப்பம், ஒரு சிரிப்பு. பிறகு தூக்கம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சரசர.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் வேலிகாத்தான் முள் வரிசை. அதைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்புப் பாத்திகள். மரக்காணத்துக் கடைகளில் கொடுக்கும் அத்தனை பிளாஸ்டிக் கவரும் காற்றில் பறந்து கடைசியில் அந்த முள்ளில்தான் வந்து மாட்டும். நாள் பூராவும் சரசரத்துக்கொண்டே இருக்கும். புதுசாகக் கல்யாணமாகி வந்தபோது, மழை வருகிறது என்று நினைத்து இரண்டு மூன்று முறை துணி எடுக்க ஓடியிருக்கிறாள்.

ஆனால் அது கடல்காற்று இன்னும் எழும்பாத மதியம். ஜன்னலுக்கு வெளியே முள் செடியில் கவர்கள் எல்லாம் செத்த வௌவால்களைப் போல ஆடாமல் அசையாமல் தொங்கின.

சரசர.

ஃபேனை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் பார்த்தாள், அலமாரிக்கு அடியில் பார்த்தாள், கதவில் மாட்டியிருந்த பையை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று கேட்டாள். விட்டு விட்டு வந்தது. ஒரே அளவான இடைவெளி. கீழே, கால் பக்கத்திலிருந்து.

குனிந்து, தரையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் மார்பில் காதை வைத்தாள்.

கையில் கசக்கிப்போட்ட காலிப் பாக்கெட் தானாக மெல்ல விரியும்போது ஒரு சத்தம் வரும். நிலா மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது வந்தது. மூச்சை விடும்போது யாரோ மறுபடியும் கசக்கினார்கள்.

*

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெருமுக்கல் மலை வந்து போகும் வரை, குழந்தையின் முதுகில் கையை வைத்தபடியே இருந்தாள். பஸ்ஸின் இரைச்சலில் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கைக்குத் தெரிந்தது.

டாக்டர் பூவிழி அவளைவிடச் சின்னப் பெண் போல இருந்தாள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டாள். இடம் மாற்றி வைத்துக் கேட்டாள். முகத்தில் ஒரு கணம் என்னவோ வந்து போனது. பிறகு எடை பார்த்தாள்.

"வெயிட் நல்லாவே இருக்குது. ஜுரம் இல்ல. கொஞ்சம் சளி மாதிரி சவுண்ட் இருக்குது, அவ்ளோதான். என்ன பால் தர்றீங்க?"

"பாக்கெட் பால்தாங்க. எனக்கு நாலு மாசத்துலயே வத்திப் போச்சு. உப்பளத்துக்கு வேலைக்குப் போயிட்டேன்."

"அங்க எப்படி காய்ச்சறீங்க?"

சூர்யகலா சொன்னாள். அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. இருட்டோடு வேலை தொடங்கும் அளத்தில், திறந்த வெளிக் காற்றில் அடுப்பு நிற்காது. அதனால் பால் பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே கடைசிப் பாத்தியில் போட்டுவிடுவார்கள். உப்பு விளையத் தயாராக இருக்கும் தண்ணீர், வெயில் ஏறியதும் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். கனத்த தண்ணீர். அதில் பாக்கெட் மூழ்காது. வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்து, காற்றுக்குத் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கூட வேலை செய்யும் வசந்தா அக்கா அதைத்தான் 'செலவில்லாத கேஸ் அடுப்பு' என்பாள். பெரியவர்கள் அதில் டீத்தூளைக் கலந்து குடிப்பார்கள். சூர்யகலா பாக்கெட்டின் மேல் படிந்த உப்பை முந்தானையால் துடைத்து, மூலையைப் பல்லால் கடித்து, கொட்டகையில் தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புட்டியில் ஊற்றுவாள். மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி காய்ச்சுவாள்.

கடித்த மூலையைத் துப்பினாளா, அது எங்கே விழுந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

டாக்டர் எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

"பாக்கெட்டோட சூடு பண்ணக் கூடாதும்மா. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துணுக்கு பால்ல உதிரும். உப்புத் தண்ணி, வெயில் வேற. அதுவும் இவ்ளோ சின்னக் குழந்தைக்கு."

"உதிர்ந்தா என்னாங்க ஆவும்?"

"யாருக்குமே இன்னும் முழுசா தெரியல."

"இப்ப உள்ள போனத எடுக்க முடியாதுங்களா?"

டாக்டர் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட விரலை ஒரு முறை பார்த்துவிட்டு, தன் கோட்டில் மெல்லத் துடைத்துக்கொண்டாள்.

"பாக்கெட் பாலை நிறுத்துங்க. முடிஞ்சா மறுபடியும் தாய்ப்பால் கொடுக்கப் பாருங்க. அது மாதிரி சுத்தம் எதுவும் இல்ல. நிப்பாட்டினவங்களுக்குக்கூட திரும்ப வரும். குழந்தைய மார்ல போட்டுக்கினே இருங்க."

*

பாக்கெட் பாலை அன்றே நிறுத்திவிட்டாள். புட்டியைக் குப்பையில் போட்டாள். வீட்டில் இருந்த கவர், டப்பா, குடம் எல்லாவற்றையும் பின்பக்கம் கொண்டுபோய்க் குவித்தாள். கேழ்வரகுக் கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் ஸ்டீல் கரண்டியில் கொடுத்துப் பார்த்தாள். நிலா ஒன்றிரண்டு கரண்டி விழுங்கி, மிச்சத்தை நாக்கால் தள்ளித் துப்பினாள். அழுதாள். அழுது அழுது களைத்துத் தூங்கினாள், விழித்து மறுபடி அழுதாள்.

குளிப்பாட்டும்போதுதான் கவனித்தாள். தண்ணீர் குழந்தையின் உடம்பை நனைக்கவில்லை. முத்து முத்தாக உருண்டு ஓடி விழுந்தது. துவட்ட ஈரமே இல்லை. முழங்கையை மடக்கிய இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. கவரை மடித்துப் பிரித்தால் விழும் கோடு. கட்டை விரலால் தேய்த்தாள். போகவில்லை. எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். போகவில்லை.

"உனக்கு உப்பு வெளிச்சம் கண்ணுல ஏறிடுச்சு கலா" என்றான் அரவிந்தன். அவன் குரலில் கேலி இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. பாக்கறதெல்லாம் மினுக்குதும்பார். நாளைக்கு உன்னை கண்ணாஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போறேன்."

"அவ நெஞ்சுல காது வெச்சுப் பாருங்க."

அவன் வைத்துப் பார்த்தான். நெடுநேரம் வைத்திருந்தான்.

"சளிம்மா" என்றான். பிறகு வேலிப் பக்கம் பார்த்தான். "இல்லன்னா அந்தக் கவருங்க."

வசந்தா அக்கா வீட்டில் பசு இருந்தது. மறுநாள் காலை சூர்யகலா ஸ்டீல் சொம்போடு போனாள். தன் கண் முன்னால் கறந்து, தன் சொம்பிலேயே வாங்கிவிட வேண்டும்.

"என்னாடி, என் மேல நம்பிக்கை இல்லாம சொம்ப நீயே பிடிச்சுக்கினு நிக்கற?" வசந்தா அக்கா மடியைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "தண்ணி ஊத்திடுவேன்னு பயமா? ஊத்தினாலும் உப்புத் தண்ணிதான் ஊத்தணும், இங்க நல்ல தண்ணிக்கு நான் எங்க போவேன்."

"இல்லக்கா. குழந்தைக்கு."

"அதான் கேக்கறேன். குழந்தைக்கின்னா காசு வாங்குவேனா? போ."

சொம்பில் பால் விழும் சத்தம் முதலில் கணீரென்றும் பிறகு கனத்தும் கேட்டது. சூடான, பச்சை வாசனை. சூர்யகலாவின் மனது கொஞ்சம் லேசானது. பசு தலையைத் திருப்பி அவளைப் பார்த்து, அசைபோட்டபடி நீளமாக மூச்சு விட்டது.

சரசர.

அவள் பசுவின் வயிற்றைப் பார்த்தாள். உப்பியிருந்தது. மூச்சுக்கு மூச்சு அந்தப் பெரிய வயிறு ஏறி இறங்கியது. ஏறும்போது விரிந்தது. இறங்கும்போது கசங்கியது.

"அக்கா, இது எங்க மேயும்?"

"எங்க மேயும்? ஈசிஆர் ரோட்டு ஓரம்தான். குப்பைக் கொட்டற இடத்துல. அங்க இல்லாதது உண்டா, விருந்தே நடக்கும் அதுக்கு."

வீட்டுக்குப் போகும் வழியில் சொம்பைச் சாய்த்தாள். அளத்தை ஒட்டிய வெடித்த மண். எதை ஊற்றினாலும் உடனே குடித்துவிடும் மண். பால் அதில் இறங்கவில்லை. ஒரு கைக்குட்டை அளவுக்குப் பரவி, வெள்ளையாக, தட்டையாக அப்படியே கிடந்தது. அப்போதுதான் காற்று கிளம்பியது. பாலின் ஓரம் ஒரு பக்கம் மெல்லத் தூக்கிக்கொண்டது. மடங்கியது. பிறகு முழுவதுமாகத் தரையை விட்டுக் கிளம்பி, உருண்டு, பறந்து, வேலிகாத்தான் முள்ளில் போய் மாட்டிக்கொண்டது.

அங்கே ஏற்கெனவே மாட்டியிருந்த நூற்றுக்கணக்கான வெள்ளைகளோடு சேர்ந்து அதுவும் சரசரத்தது. அதில் எது அது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

*

மிச்சம் இருந்தது ஒரே வழிதான்.

அரவிந்தன் மீனவர் குப்பத்துக்குப் போய், படகு கரையேறும்போதே காத்திருந்து சுறா வாங்கி வந்தான். பால் ஊற வேண்டுமென்றால் சுறாப்புட்டு என்று அங்கே எல்லா வீட்டிலும் தெரியும். அவளை அடுப்புப் பக்கம் விடவில்லை. மீனை அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, உரித்த பூண்டை அள்ளி அள்ளிப் போட்டு அவனே கிண்டினான்.

"வாயத் திற. லாரில மூட்டை ஏத்தறவன் கையால சாப்பிட்டா உனக்கு கசக்குதா?"

"காரம்தான் தூக்கலா இருக்குது."

"அது பாசம்" என்றான்.

அவள் சாப்பிட்டாள். முருங்கைக்கீரை சாப்பிட்டாள். வெந்தயக் கஞ்சி குடித்தாள். குழந்தையை மார்பிலேயே போட்டுக்கொண்டு கிடந்தாள். நிலா சப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வராமல் முகத்தைத் திருப்பி அழுதாள். அழுகையின் ஒலி நாளுக்கு நாள் மெலிந்தது. கண்ணீர் கன்னத்தில் தங்காமல் உருண்டது. தெருவில் யாராவது கடைக் கவரைப் பிரித்தால் மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள். சிரித்தாள். கையை நீட்டினாள்.

சூர்யகலா கதவைச் சாத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள்.

ஒரு சாயங்காலம், தூளியை ஆட்டிக்கொண்டிருந்தபோது, மார்பு கனத்தது. முதலில் நம்பவில்லை. பிறகு குத்தியது. முன்பு, குழந்தை பிறந்த புதிதில் குத்தியதைப் போலவே. ஜாக்கெட்டில் ஈரம் பரவியது.

ஒரு சொட்டை ஸ்டீல் மூடியில் பிழிந்தாள். ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தாள். வெளியே பாத்திகள் அந்தி நிறத்தில் கிடந்தன, உப்புக் குவியல்கள் இன்னும் வெளிச்சத்தை விடாமல் வைத்திருந்தன. சொட்டு நீர்த்து, லேசான நீலம் கலந்த வெள்ளையாக இருந்தது. மோந்து பார்த்தாள். விரலால் தேய்த்தாள். நாக்கில் வைத்தாள். இளஞ்சூடு. இனிப்பு.

பால்.

அவள் அழுதாள். அழுதுகொண்டே நிலாவைத் தூக்கி மார்பில் சேர்த்தாள். குழந்தை பற்றிக்கொண்டது. ஒரு மிடறு. இன்னொரு மிடறு. குட்டிக் கை அவள் கழுத்துத் தாலிச் சரடைப் பிடித்துக்கொண்டது. எத்தனை நாளுக்குப் பிறகு. சூர்யகலா சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். காது கொடுத்துக் கேட்டாள்.

சத்தம் இல்லை.

குழந்தையின் மூச்சு மூச்சாகத்தான் இருந்தது. மெத்தென்று. சுத்தமாக. டாக்டர் சொன்னது சரிதான். அந்தப் பெண்ணுக்கு ஒரு தடவை நேரில் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

நிலா வாயை எடுத்தாள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தக் கடைசிச் சொட்டு விழவில்லை.

காம்பிலிருந்து குழந்தையின் உதடு வரை ஒரு இழை. வெள்ளை இழை. நிலா இன்னும் பின்னால் சாய்ந்தாள். இழை நீண்டது. மெலிந்தது. அறுபடவில்லை. அந்தி வெளிச்சம் அதன் மேல் ஓடிப் போனது.

சூர்யகலா விரலை மாட்டி இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். இன்னும் வந்தது. விரலில் சுற்றி முறுக்கினாள். தோலை அறுத்தது. அது அறுபடவில்லை.

ஜன்னலில் காற்று.

சரசர.

குழந்தை. மறுபடியும் குழந்தைதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

நிசப்தம்.

மூச்சை விட்டாள்.

சரசர.

பிடித்தாள். இல்லை. விட்டாள். சரசர. மெல்ல இழுத்தாள். தனக்கு உள்ளே, ஆழத்தில், ஏதோ ஒன்று விரிந்தது.

கதவு திறந்தது. அரவிந்தன். கையில் அவன் இப்போது போடும் கூலிங் கிளாஸ், உடம்பெல்லாம் உப்புத் தூள். வாசலிலேயே நின்று பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"வந்துடுச்சா கலா?"

அவள் விரலில் சுற்றியிருந்த இழையைக் கழற்றப் பார்த்தாள். 

"நான் சொன்னேன்ல. பாரு, எப்படிச் சிரிக்கறா பாரு என் தங்கம்." அவன் பக்கத்தில் வந்து மண்டியிட்டான். நிலாவின் உதட்டோரத்தைத் துடைக்க விரலை நீட்டியவன், "பாவம், இன்னும் பசி அடங்கல. கொடும்மா" என்றான்.

குழந்தைக்குப் பசி. எத்தனையோ நாள் பசி. தள்ளிவிட சூர்யகலாவுக்குக் கை எழவில்லை.

நிலா மார்புக்கு வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே, உதட்டில் ஒட்டியிருந்த இழையைச் சப்பி உள்ளே இழுத்தாள். விழுங்கினாள். மறுபடி இழுத்தாள். கண்கள் சொக்க, சிரித்துக்கொண்டே, அவசரமே இல்லாமல். அவள் விழுங்க விழுங்க, சூர்யகலாவின் விலா எலும்புகளுக்கு உள்ளே மடித்து வைத்திருந்த ஏதோ ஒன்று, ஒவ்வொரு மடிப்பாகப் பிரிந்து, வெளியே வந்துகொண்டே இருந்தது.